நான் குறைத்த சத்தம்

ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் முன்னால் உட்காருகிறவனை, ஸ்பீக்கர் ஊளையிட்டால்தான் ஊர் திரும்பிப் பார்க்கும். மேடைக்குக் கீழே பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா! எங்கள் இசைக்குழுவில் ஒருகாலத்தில் நான்தான் கித்தார். கித்தாருக்குச் செந்தில் வந்ததும் என்னை மிக்சருக்கு மாற்றினார்கள். யாராவது கேட்டால், என் காது அவ்வளவு நுட்பம் என்று சொல்லிவைப்பேன்.

சமாளி

எருத்தேன்பதித் திருவிழாவுக்கு வந்த பாடகரின் கார் வழியில் படுத்துவிட்டது. ஏதாவது வாசித்துச் சமாளி என்று செந்திலுக்குச் சைகை காட்டியதே நான்தான். தடுமாறுவான், பார்க்கலாம் என்று ஆசையோடு காத்திருந்தேன். மனம் போன போக்கில் கால் மணி நேரம் வாசித்தான். கூட்டம் கடலை கொறிப்பதை நிறுத்திவிட்டது. பாடகர் வேர்க்க விறுவிறுக்க மேடையேறியபோது முன்வரிசை விவசாயி ஒருவர் என்னிடம் கேட்டார்:

“ஏனுங்க, பாட்டுக்காரரு இன்னுங் கொஞ்ச நேரங் கழிச்சு வரக்கூடாதுங்களா?”

இரண்டு விரல்

நல்லேப்பிள்ளியில் கல்யாண வரவேற்பு. மறுபடி அவனுக்குத் தனி வாசிப்பு, மறுபடி கைதட்டல். எனக்கு வயிறு எரிந்தது. இரண்டு விரலால் அவன் கித்தார் சத்தத்தை மட்டும் பாதிக்கு இறக்கினேன். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். பிறகு அந்தச் சின்னச் சத்தத்துக்குள்ளேயே, ஒவ்வொரு தந்தியாக, மெதுவாக வாசித்தான். மண்டபமே அடங்கிப்போனது. பந்தியிலிருந்து சமையல்காரர் கரண்டியோடு வந்தார்:

“யாருங்க அங்க வாசிக்கறது? சாப்படறவங்க ஒருத்தருங் கைய அசைக்க மாட்டேங்கறாங்க, ரசம் ஆறிப்போகுதுங்க!”

சமையலறையில்

இப்படி மேடையில் சமாளித்ததையெல்லாம் சேர்த்து அவன் ஒரு ஆல்பமே போட்டுவிட்டான். பதிவு செய்தது முழுக்க நான். நல்லேப்பிள்ளி வாசிப்பு மட்டும் அழிந்துவிட்டது என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் என் பதிவுகளிலேயே நன்றாக அமைந்தது அதுதான், கொடுத்துத் தொலைத்தேன். என் மனைவி இட்லி ஊற்றும்போதுகூட அதையே போட்டுக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“நீங்களும் முன்ன கித்தார்தான வாசிச்சீங்க? அதுவும் இதே வாத்தியந்தானுங்களா?”

அட்டையில்

எல்லோரும் புகழ்ந்தது அந்த நல்லேப்பிள்ளி வாசிப்பைத்தான். ஆல்பத்தின் அட்டையைக் காட்ட செந்தில் வீட்டுக்கே வந்தான். அவன் பெயருக்கு மேலே, ‘நன்றி’ என்று போட்டு என் பெயர். எதற்குடா இது என்றேன். சிரிக்காமல் சொன்னான்:

“அன்னைக்கு நீங்க வேணும்னேதான் கொறச்சீங்கன்னு தெரியுமுங்கண்ணா. கொறைக்காட்டி நான் இன்னுங் கித்தார்ல கத்திட்டேதான் இருந்திருப்பேனுங்க.”

பொறாமைப்பட்டவனுக்கு நன்றி சொல்லி வந்த ஆல்பம் இது ஒன்றாகத்தான் இருக்கும். அதையும் தினம் இரண்டு தடவை, முழுச் சத்தத்தில் வைத்து, நானே கேட்டுத் தொலைக்கிறேன்.