முன்னாள் அமைச்சரின் ஒரே நிபந்தனை

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரத் தமிழர்களிடையே உலவிய வதந்தி இது: நகரக் குப்பை நிலையத்தில் செம்மஞ்சள் அங்கியோடு நிற்கும் ஆபிரிக்கர் தன் நாட்டில் சுற்றுச்சூழல், சுற்றுலா அமைச்சராக இருந்தவராம். எங்கள் ஆட்கள் யாரைத்தான் அமைச்சராக்கவில்லை? உடைந்த நாற்காலி ஒன்றைச் சாட்டுக்கு எடுத்துக்கொண்டு விசாரிக்கப் போனேன்.

உண்மைதான். பெயர் ஜோசயா. மரத்தை வேறாக, இரும்பை வேறாக என்னைக் கொண்டே கழற்றுவித்த பிறகுதான் கதையைச் சொன்னார். நாட்டின் பெயரை விட்டுவிடுகிறேன். அவர்களுக்கும் தூதரகம் இருக்கிறது.

வனக் காவலராகத் தொடங்கி, தேர்தலில் வென்று, அமைச்சரானவர். விசித்திரமான அமைச்சு அது. காலையில் யானையை மனிதரிடமிருந்து காப்பாற்ற வேண்டும், பின்னேரம் அதே யானைக்கு மனிதரைக் கூட்டிவர வேண்டும். இரண்டையும் ஒருவாறு சமாளித்துக்கொண்டிருந்தபோது, ஜனாதிபதியின் மைத்துனர் சதுப்புநிலத்தில் ஹோட்டல் கட்ட வந்தார். ஜோசயா கையெழுத்துப் போடவில்லை. தன் பதவி போன செய்தியை மத்தியானச் சாப்பாட்டின்போது வானொலியில் கேட்டார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் எழுந்தாராம். மனைவிக்கு இங்கே தாதி வேலை கிடைக்க, அவரும் கூடவே வந்தார்.

தமிழ்ச் சங்கத் தலைவர் தவராஜாவுக்கு இது போதும். ஆண்டுவிழாவுக்கு ஜோசயாவே பிரதம விருந்தினர் என்று அழைப்பிதழ் அச்சாகியது. 'முன்னாள்' என்ற சொல் மட்டும் இடம் போதாமல் விடுபட்டிருந்தது.

வருவதற்கு ஜோசயா ஒரே நிபந்தனை வைத்தார்: பாவித்துவிட்டு எறிகிற சாப்பாட்டுக் கோப்பையோ கரண்டியோ மண்டபத்தில் இருக்கக்கூடாது.

"இருநூறு சனம் அண்ணை, ஆர் கழுவுறது?" என்றார் பொருளாளர் பவளராணி.

தவராஜா கெஞ்சப் போனார். விளக்கை ஏற்றிவிட்டுச் சாப்பாட்டுக்கு முன்னரே போய்விடலாம், எதையும் பார்க்கத் தேவையில்லை என்றார்.

"ஜனாதிபதியின் மைத்துனரும் அதைத்தான் சொன்னார்," என்றார் ஜோசயா. "சதுப்புநிலத்துக்கு வந்து பார்க்கத் தேவையில்லை, கையெழுத்து மட்டும் போதும் என்று."

"மனுசன் அசையிறாரில்லை," என்று திரும்பி வந்தார் தவராஜா.

"அப்ப வேற ஆளைப் பாருங்கோ," என்றார் பவளராணி.

"ஆரை? போன வருசம் என்ரை பல் டொக்டரையே மேடை ஏத்தியாச்சு."

பவளராணி பெருமூச்சு விட்டார். "சரி, ஆளுக்கொரு கோப்பை வீட்டிலயிருந்து கொண்டு வரட்டும். எல்லாருக்கும் போன் எடுத்துச் சொல்லுறது நீங்கள்."

கொண்டுவந்தார்கள். சிலர் முணுமுணுத்தபடி, சிலர் கல்யாணத்துக்குக் கிடைத்த சீனக் கோப்பையைப் பெருமையாகக் காட்டியபடி. ஜோசயா விளக்கேற்றினார், பேசினார். சாப்பாடு முடிந்ததும், போர்த்திய பொன்னாடையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கழுவுதொட்டிக்குப் போனார். அமைச்சர் கழுவும்போது தலைவர் சும்மா நிற்கலாமா? தவராஜா துடைத்தார்.

வேலையில் நின்ற ஜோசயாவின் மனைவிக்கும் சாப்பாடு கட்டிக் கொடுக்கவேண்டும். எறிகிற பெட்டிக்குத்தான் தடையாயிற்றே. பவளராணி தன் சில்வர் கோப்பையில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்து, மேலே இன்னொரு கோப்பையால் மூடிக் கொடுத்தார்.

"எங்கட சனம் கோப்பையை வெறுமையாத் திருப்பிக் குடுக்கிறேல்லை," என்று தவராஜா விளையாட்டாகச் சொன்னதை டெனிஷில் யாரோ மொழிபெயர்த்துவிட்டார்கள். ஜோசயா அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டார். தன் ஊர் அவரைக்காய்க் கறியைச் சமைத்து அதில் வைத்துத்தான் கொடுப்பாராம். முதல் தடவை அடிப்பிடித்தது. அடுத்தது அவர் மனைவிக்கே பிடிக்கவில்லை.

"சும்மா கொண்டுவரச் சொல்லுங்கோவன்," என்கிறார் பவளராணி.

சொல்லிப் பார்த்தேன். நல்லதாக வந்த பிறகுதான் தருவாராம். இரண்டு கோப்பைகளும் இன்னும் அவர் வீட்டில்தான்.