குளிர விடக் கூடாத புட்டி

நம்பாதவர்கள் இங்கேயே பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம், எனக்கு வருத்தமில்லை. இது என் நாத்தனாருக்கு நிஜமாக நடந்தது. பொய் சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். அது அவளிடம் சுத்தமாகக் கிடையாது.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கிருமிப் பரிசோதனை லேபில் அவள் வேலைக்குச் சேர்ந்த புதிது. தற்காலிக வேலை. எதிர்த்துப் பேசினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவளுக்கு மேலே இருந்தவருக்கு ‘நாளைக்கு சார்’ என்று பட்டப்பேர். எதைக் கேட்டாலும் “நாளைக்குப் பார்க்கலாம்” என்பார். சாப்பாட்டை மட்டும் அவர் நாளைக்குத் தள்ளியதே இல்லை.

அன்று காலை மாடிப்படியில் ஒரு பெண் அவளை நிறுத்தினாள். மூன்றாவது மாடியில் மூளைக் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்த தையல்காரரின் மனைவி. எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் அவருக்குச் சரியான மருந்து கொடுக்க முடியும். அதற்காக முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்து, ஒரு சின்னப் புட்டியில் அவளிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

“குளிர விடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரும்மா. உள்ளங்கையிலயே பொத்திக் கொண்டாந்து உங்க சார்கிட்ட குடுத்துட்டேன். பொழச்சுக்குவாருல்ல?”

“கண்டிப்பா,” என்றாள் என் நாத்தனார். வேறென்ன சொல்வாள், பாவம்.

மதியம் சார் சாப்பிடப் போய்விட்டார். லேபில் அவள் மட்டும். ஒன்று பதினைந்து இருக்கும். கவுன்ட்டரில் ஒருவர் வந்து நின்றார். நோயாளி உடுப்பு. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

“குளிருதும்மா... கதவைத் திறங்க.”

“கதவு திறந்துதாங்க இருக்கு. நீங்க எந்த வார்டு?”

கீழே விழுந்த பேனாவைக் குனிந்து எடுத்து நிமிர்ந்தாள். ஆளைக் காணோம். வெளியே நீள வராந்தா. ஓடியிருந்தாலும் அதற்குள் மறைந்திருக்க முடியாது.

டக்... டக்...

சத்தம் அவளுக்குப் பின்னால் கேட்டது. ஃபிரிட்ஜுக்குள்ளிருந்து.

“கதவைத் திறங்க...”

ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தாள். ஆனாலும் திறந்தாள்.

மூத்திரப் புட்டிகளுக்கு நடுவே அந்தச் சின்னப் புட்டி. மேலே தையல்காரரின் வார்டு நம்பர். மூத்திரத்தை ஃபிரிட்ஜில் வைக்கலாம். முதுகு நீரை வைக்கவே கூடாது. குளிரில் கிருமி செத்துவிடும். செத்தது வளராது. வளராவிட்டால் எந்தக் கிருமி என்றே தெரியாது. அந்தப் பெண் பொத்திப் பொத்திக் கொண்டுவந்ததை வாங்கி, பழக்க தோஷத்தில் உள்ளே தள்ளியிருக்கிறார் மனுஷன்.

எடுத்தாள். இரு கைகளிலும் பொத்திக்கொண்டாள்.

மெல்லச் சூடேறியது... அவள் கைச்சூட்டைவிட அதிகமாக.

சார் ஏப்பம் விட்டபடி திரும்பி வந்தபோது மணி இரண்டு ஆகப்போகிறது.

“சார், இது ஃபிரிட்ஜுல இருந்துச்சு. வேற எடுத்து அனுப்பச் சொல்லிரலாம் சார்.”

அவர் முகம் வெளுத்தது. பிறகு கறுத்தது.

“வேற கேட்டா ஏன்னு கேப்பாங்க. யார் தலையில விழும்? புதுசா வந்தவ தலையிலதான். பேசாம எடுத்த எடத்துல வை. வளரலைன்னு எழுதிக்கலாம்.”

வைத்தாள். பேய் பயத்தைவிட வேலை பயம் பெரிது. அந்த மனுஷனை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

கதவைச் சாத்தினாள். உள்ளே ஒரு பெருமூச்சு...

அன்றே தையல்காரர் இறந்துபோனார்.

சில நாள் கழித்து அந்த வார்டு நர்ஸை கேன்டீனில் பார்த்தாள். பேச்சோடு பேச்சாக நர்ஸ்தான் ஆரம்பித்தாள்.

“காலையிலேர்ந்து உடம்பு ஐஸா கெடந்துச்சுக்கா, காய்ச்சல்காரருக்கு! மூணு போர்வை போட்டும் சூடு ஏறலை. மதியம் திடீர்னு ஏறுச்சு. கண்ணைத் திறந்து பொண்டாட்டியப் பாத்துச் சிரிச்சாரு. இனி பயமில்லைன்னு டாக்டரே சொன்னாரு.”

“எத்தனை மணிக்கு?”

“ஒண்ணு இருபது.”

“அப்புறம்?”

“ரெண்டு மணி இருக்கும். அந்தம்மா கையைப் பிடிச்சுக்கிட்டே, ‘கதவைச் சாத்திட்டாங்க’ன்னாரு. அவ்வளவுதான், போயிட்டாரு. வார்டு கதவு திறந்துதான்க்கா இருந்துச்சு.”