படிக்கட்டில் விழுந்த நிழல்

அந்த வைட் ஆங்கிள் லென்ஸின் முன்கண்ணாடியில் குறுக்கே ஒரு விரிசல் ஓடுகிறது. விளிம்பின் இடுக்கில் காய்ந்து கறுத்திருப்பது அத்தானின் ரத்தம். துடைத்துவிடலாம். நான் துடைக்கவில்லை.

அத்தான், என் அக்காவின் கணவர், மலையாள ஊரான தம்பானூரில் ஆட்டோ ஓட்டினார். நான் காலண்டர்களுக்காகக் கோவில், பள்ளிவாசல், மாதாகோவில் என்று மாலை வெயிலில் படமெடுக்கிறவள். சாயங்காலமானால் சவாரியை விட்டுவிட்டு என்னை ஏற்றிக்கொள்வார். எனக்கு வாய் நீளம். ட்ரைபாடை ஒரு சாண் தள்ளி வைத்தாலும் ஊரே கேட்கக் கத்துவேன். "இவ வாய்க்கு முன்னால கோவில் வெடிவழிபாடே தோத்துரும், கேட்டோ" என்று அக்காவிடம் சொல்லிச் சிரிப்பார்.

அன்று நகரத்துக்குக் கிழக்கே ஒரு சிறிய கோவிலுக்குப் போயிருந்தோம். சூரியன் எங்களுக்குப் பின்னால் சரிந்து, எதிரே ஓட்டுக்கூரை பொன்னாக மின்னியது. குளத்தின் இக்கரையில் நின்று, ட்ரைபாடை அத்தான் தோளிலேயே விட்டுவிட்டு, கையில் பிடித்தே எடுத்தேன். கண் நடுவில் இருப்பதைத்தான் பார்க்கும். வைட் ஆங்கிள் இரண்டு ஓரத்தையும் வாரிக்கொள்ளும். திரையில் பார்த்தால் எங்கள் நிழல் படிக்கட்டில் நீளமாகக் கிடந்தது. எரிச்சலாக வந்தது. வேறு லென்ஸ் போடலாமென்று காமிராவை அத்தான் கையில் திணித்துவிட்டுப் பையைத் துழாவினேன். இடது ஓரத்துப் படித்துறையில் மூன்று பெண்கள் குளித்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. அவர்கள் நிமிர்ந்தபோது கண்டது, காமிராவோடு நிற்கும் ஓர் ஆணை.

கூச்சல் கேட்டு எட்டுப் பத்துப் பேர் ஓடி வந்தார்கள். "ஆரெடா எடுத்தது?" அத்தான் ஒரு தடவை என்னைப் பார்த்தார். "ஞான்தான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

முதல் அடியிலேயே பல் தெறித்தது. எங்கள் ட்ரைபாடைப் பிடுங்கி அதன் காலாலேயே அடித்தார்கள். விழுந்த பிறகும் அடித்தார்கள். ஒருவன் காமிராவைப் பறித்து, லென்ஸ் பக்கத்தால் அவர் நெற்றியில் குத்தினான். இன்னொருவன், காமிரா பிடித்த கை இதுதானே என்று கேட்டு, வலது மணிக்கட்டைக் கல்படியில் வைத்து ஏறி மிதித்தான். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

குளித்த பெண்களில் மூத்தவர் ஈரத்துணியோடு ஓடி வந்து என் தோளைப் பிடித்தார். "மோளே, நீயாணோ எடுத்தது? ஆணெங்கில் பறை, ஞான் நிறுத்தாம்." நீதான் என்றால் சொல், நிறுத்துகிறேன் என்கிறார். எடுத்தது ஒரு பெண் என்று தெரிந்தால் போதும், அவர் அடியை நிறுத்தியிருப்பார். நான் இல்லையென்று தலையாட்டினேன். ஊரே கேட்கக் கத்துகிற வாய் திறக்கவில்லை. பயம், வெறும் பயம். அவர் என் தோளை விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். மறுபடியும் அடித்தார்கள்.

எலும்பு கூடியது, மணிக்கட்டு திரும்பவில்லை. ஆட்டோவில் ஆக்சிலேட்டரைத் திருகுவது வலது கை. அத்தான் இப்போது ஒரு லாட்ஜில் வாட்ச்மேன்.

காமிராவை உடைத்தவர்கள் உள்ளிருந்த மெமரி கார்டை மறந்துவிட்டார்கள். பெண்கள் இருந்த ஓரத்தை வெட்டி அழித்துவிட்டு மிச்சப் படத்தை வைத்திருக்கிறேன். கோவில், குளம், படிக்கட்டில் இரண்டு நிழல்கள். ஒன்று முழங்கைகளை விரித்துக் காமிரா பிடித்திருக்கிறது. மற்றது ட்ரைபாடைத் தோளில் சாய்த்துக்கொண்டு சும்மா நிற்கிறது.

போன வாரம் அந்தப் படத்தையும் லென்ஸையும் எடுத்துக்கொண்டு லாட்ஜுக்குப் போனேன், அன்று அந்தப் பெண் கேட்டதையும் நான் இல்லையென்றதையும் சொல்லிவிடுவதென்று. அத்தான் இரண்டாவது நிழலில் விரலை வைத்து, "இது நான்லா!" என்று சிரித்தார். பிறகு லென்ஸை இடது கையில் வாங்கி விரிசலைத் தடவினார்.

"அன்னைக்கு நான் முந்திக்கிட்டுச் சொன்னது நல்லதாப் போச்சு, பிள்ள. இல்லேன்னா ஒன்னையும் கொன்னுருப்பானுவ."

"ஆமா அத்தான்" என்றேன். லென்ஸைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.