முன்னறைத் தபால் நிலையம்

எங்கள் ஊருக்குத் தபால் நிலையம் என்பது எங்கள் வீட்டு முன்னறைதான். திருவண்ணாமலையிலிருந்து தபால் பை வரத் தொடங்கிய காலத்தில் தாத்தா அதைப் பார்த்துக்கொண்டார். அவருக்குப் பிறகு, கணவரை இழந்து எங்களோடு வந்துவிட்ட அத்தை. வாசல் சுவரில் தொங்கிய சிவப்புப் பெட்டியைக் குடும்பச் சொத்தாகவே அப்பா நினைத்தார். நானும்தான். ஊர்க்காரர்கள் அறைக்குள் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். காலனி ஆட்கள் ஜன்னலுக்கு வெளியே நிற்பார்கள், மழையானாலும். ஜன்னல் வைப்பதே அதற்காகத்தான் என்று நம்பியிருந்தேன்.

நான் மூன்றாவது படிக்கும்போது ஒரு காலை அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். பள்ளிக்கூடத்துக்கு எதிரே காலியாகக் கிடந்த பஞ்சாயத்து அறைக்குத் தபால் நிலையத்தை மாற்ற, மேலதிகாரியிடம் எழுதிக் கேட்டு அத்தை அனுமதி வாங்கிவிட்டாள்.

"யாரைக் கேட்டு இதப் பண்ண?"

"எல்லாரும் உள்ள வந்து போற எடமா இருக்கட்டும்ணா."

அப்பா வாசலில் நாற்காலியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்துவிட்டார். தெருவில் கூட்டம் கூடியது. அத்தை தராசையும் முத்திரைகளையும் பையில் போட்டுக்கொண்டு அவர் எதிரில் வந்து நின்றாள்.

"வழி விடுண்ணா."

"அந்தப் பொட்டி இங்கேர்ந்து போச்சுன்னா, நீ மறுபடி இந்த வூட்டுக்குள்ள வராத."

என் தோளை இறுக்கிப் பிடித்திருந்த அம்மா கையை எடுத்தாள். நேரே போய்ப் பின்கதவின் தாழ்ப்பாளைத் திறந்து வைத்துவிட்டு, அடுப்படிக்குள் நுழைந்துகொண்டாள். அத்தை அந்த வழியாக வெளியேறி, வீட்டைச் சுற்றி வந்து, அத்தனை பேரும் பார்க்கப் பெட்டியைக் கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் ஓவென்று அழுதேன்.

அத்தை பள்ளிக்கூடத் தெருவிலேயே வாடகைக்கு இருந்துகொண்டாள். தபால் நிலையம் இன்றும் அந்தப் பஞ்சாயத்து அறையில்தான் இருக்கிறது. அன்று அவள்மேல் எனக்குக் கோபம். ஆனாலும் பள்ளி விட்டதும் போய் எட்டிப் பார்த்தேன். காலனி அக்கா ஒருத்தி கைக்குழந்தையோடு புது அறைக்கு வெளியே நின்றிருந்தாள்.

"உள்ள வாங்க," என்றாள் அத்தை.

அந்த அக்கா தெருவை இருபுறமும் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள். ஒரு காலை உள்ளே வைத்து, சட்டென்று வெளியே எடுத்துக்கொண்டாள்.

"அட, வாங்கம்மா."

வீட்டுக்கு வந்து அதை அப்படியே நடித்துக் காட்டினேன். "ஒரு வாசப்படி தாண்ட அவ்ளோ நேரம்மா அந்தக்காவுக்கு!"

அம்மா சிரிக்கவில்லை. பக்கத்தில் படுத்திருந்த அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நான் நன்றாக நடிக்கவில்லையோ என்று நினைத்து, இன்னொரு தடவை காலை வைத்து எடுத்துக் காட்டினேன்.