நெற்றியில் ஐம்பது சென்

1. மூடாத கதவு

இறந்தவர்களை சி.டி. ஸ்கேன் எடுக்கும் பிரிவுக்கு வந்த முதல் மாதமே ஒரு பெரிய தப்பு செய்தேன். ரேடியோகிராபி முடித்து இந்த வேலைக்கு வரப்போகிறவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

ஜார்ஜ்டவுனில் எங்கள் ஸ்கேன் அறை சவக்கிடங்கை ஒட்டியே இருக்கிறது. உடலைப் பையோடு, திறக்காமல் ஸ்கேன் செய்வோம். படத்திலேயே காரணம் தெரிந்துவிட்டால் பல சமயம் அறுக்கவே தேவையிராது. எனக்கு இந்த வேலை மேல் அப்படி ஒரு ஆசை; படம் திரையில் விழும்போது உட்கார மாட்டேன்.

அன்று வந்தவர் முருகையா, பிறை என்ற ஊரில் லோரி ஓட்டியவர். முந்தின நாள் காலை தம்பி சேகரோடு சண்டை. சேகர் தள்ளியதில் பின்மண்டை சுவரில் மோதியது. "ஒண்ணும் இல்லலா" என்று வேலைக்குப் போனார். மாலையில் பாகான் டாலாமில் இருந்த வீட்டுக்கு வந்து படுத்தவர் எழவில்லை. "நான்தான் தள்ளினேன்" என்று சேகரே போலீசில் சொல்லிவிட்டார். தலையில் பட்ட அடியா, வேறு ஏதாவதா? அதுதான் கேள்வி.

வராந்தாவில் சேகரும் அவருடைய அண்ணி பார்வதியும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நாலு நாற்காலி காலி.

தலைப் படம் வந்தது. மூளைக்குள் விசிறிபோல வெள்ளைக் கோடுகள். சி.டி.யில் புது ரத்தம் வெள்ளையாகத்தான் தெரியும்.

"டாக்டர், மூளையில ரத்தக் கசிவு. நிச்சயம்லா," என்று பக்கத்தில் இருந்த டாக்டர் ரேணுகாவிடம் உரக்கச் சொன்னேன்.

கதவை நான் மூடியிருக்கவில்லை. வெளியே சேகர் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

2. ஸ்கவுட் படம்

டாக்டர் ரேணுகா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"உன்ன யாரும்மா ரிப்போர்ட் கேட்டா? ரத்தம் ரூலர் வச்சுக் கோடு போடுமா? ஸ்கவுட்ட பாத்தியா?"

ஸ்கேனுக்கு முன் எடுக்கும் எக்ஸ்ரே போன்ற படம் அது. அவசரத்தில் நான் பார்க்கவில்லை. திறந்தோம். நெற்றி நடுவில் வட்டமாக ஒரு வெள்ளைப் புள்ளி.

"நீ எந்த ஊரு?"

"புக்கிட் மெர்தாஜாம்."

"அங்க செத்தவங்க நெத்தியில காசு வைக்க மாட்டாங்களா?"

என் மாமா இறந்தபோது காசு ஒட்டச் சந்தனம் குழைத்ததே நான்தான். உலோகம் குறுக்கே நின்றால் படத்தில் இப்படித்தான் கோடு விழும்.

"போய்க் கேளு. கேக்காம எடுக்காத."

பார்வதி முன்னால் போய் நின்றேன். "அக்கா, நான் உள்ள சொன்னது தப்பு. இன்னும் எதுவும் தெரியாது. நெத்திக் காச எடுத்துட்டு மறுபடி ஸ்கேன் பண்ணணும்."

அவர் திரும்பாமலே சொன்னார். "வச்சது அவன். அவன்கிட்ட கேளு."

"எடுத்துக்க தங்கச்சி," என்றார் சேகர். "தள்ளின கையாலதான் வச்சேன். அம்பது சென்."

3. இரண்டாவது படம்

இந்தத் தடவை கதவை மூடினேன், வாயையும். மண்டையில் விரிசல் இல்லை. மூளையில் ரத்தம் இல்லை. டாக்டர் நெஞ்சுக்கு இறங்கினார். இதயத்தைச் சுற்றிய பை முழுக்க ரத்தம். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாய் வீங்கி வெடித்திருந்தது.

டாக்டரே வெளியே வந்து சொன்னார். "இது வருஷக்கணக்கா வீங்கினது. தலையில பட்ட அடிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அறுக்கவும் வேண்டாம். ஆனா சேகர், இது கூடப்பிறந்தவங்களுக்கும் வரலாம். முன்னாடியே பாத்துட்டா சரிபண்ணலாம். நீங்க ஒரு ஸ்கேன் எடுங்க."

சேகர் முகத்தை மூடிக்கொண்டார். பார்வதி என்னிடம் கை நீட்டிக் காசை வாங்கினார். நாலு நாற்காலியையும் தாண்டிப் போய் சேகர் கையில் வைத்தார்.

"நீயே திரும்ப வை. அப்புறம் போய் அந்த ஸ்கேன எடு. இன்னொரு நெத்தியில காசு பாக்க எனக்குத் தெம்பில்ல."

4. மூச்சு

மூன்று வாரம் கழித்து சேகர் வந்தார். அன்று எனக்கு மேல்மாடி ஸ்கேன் அறையில் வேலை.

"மூச்ச இழுத்துப் பிடிங்கண்ணே," என்றேன். சவக்கிடங்கில் யாரிடமும் சொல்ல முடியாத வார்த்தை. இழுத்துப் பிடித்தார்.

குழாய் வீங்காமல் சீராக இருப்பதுபோல் பட்டது. ஸ்கவுட்டையும் பார்த்தேன்.

"எப்படி இருக்கு தங்கச்சி?"

"டாக்டர் சொல்வாங்கண்ணே," என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தப் போனேன்.

அரை மணி நேரத்தில், குழாயில் வீக்கம் இல்லை என்று டாக்டரே சொன்னார். நான் கற்றது அந்த அரை மணி நேரம் காத்திருக்கத்தான்.