மூன்று நிமிடப் பட்டியல்

அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'பட்டியல் டீச்சர்'. காதில் விழுந்தும் அவர் கோபித்துக்கொண்டதில்லை. பதினேழு வருஷம் அறிவியல் சொல்லிக்கொடுத்த காலத்தில் 'பல்லி' என்று வைத்திருந்தார்கள். அதற்கு இது எவ்வளவோ தேவலை.

பழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் அவருடைய கணவர், ஃப்ரிட்ஜ் மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பதவி கிடைத்த மூன்றாவது வாரம், மனைவி வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்ததைக் கண்டார். அடுப்பை அணைத்தார்.

"இத்தனையையும் மண்டைக்குள்ள அடைச்சு வச்சா சூடாகாம என்ன செய்யும்? காத்துப் போக இடமில்லைன்னா ஃப்ரிட்ஜே நின்னுடுது. எழுதி வெளிய போடு. மூணே நிமிஷம். யோசிக்காத, வர்றத எழுது."

"எழுதினா வேலை முடிஞ்சிடுமாக்கும்?"

"முடியாது. ஆனா பாத்திரத்துல தண்ணி ஊத்த ஞாபகம் வரும்."

அன்றிலிருந்து காலையில் ஒரு பட்டியல். பழைய விடைத்தாளின் பின்பக்கம், ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டுவந்த மணல் கடிகாரம். தண்ணீர்த் தொட்டி மூடியும் கல்வி அதிகாரி கேட்ட அறிக்கையும் ஒரே அளவு எழுத்தில் வரிசைக்கு வரும். எழுதிப் பார்த்தால் பூதமாக இருந்தது பாதி பூனைக்குட்டியாகிவிடும். மணல் தீர்ந்ததும் கீழே சின்னக் கையெழுத்தும் தேதியும் போட்டு முடிப்பார். தன் சொந்தப் பட்டியலுக்குக் கையெழுத்து எதற்கு? தாளைக் கண்டால் கையெழுத்துப் போடுவது பதவியோடு ஒட்டிக்கொண்டு வந்த வியாதி.

பள்ளிக்கென்று இன்னொரு தாள் உண்டு, சுற்றுத்தாள். செய்ய வேண்டிய வேலைகளை வரிக்கு ஒன்றாக எழுதி வகுப்பு வகுப்பாக அனுப்புவார். எந்த வேலையை யார் ஏற்கிறாரோ அவர் அந்த வரிக்கு எதிரே கையெழுத்துப் போட வேண்டும். ஆள் கிடைக்காத வேலையை அடித்துவிட வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டவரும் அவரே. வாராவாரம் நடந்த வகுப்பறை அலங்காரப் போட்டி அப்படித்தான் செத்தது. அதற்காக ஒருவரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

சுற்றுத்தாளைக் கொண்டுபோகிறவர் அலுவலக உதவியாளர். பெயர் 'எக்ஸ்பிரஸ்'. முதல் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புக்குப் போய்ச்சேர அரை நாள் எடுத்துக்கொள்வதால் வந்த பெயர். மேஜையின் இடது ஓரத்தில் தலைமையாசிரியை அம்மாவின் கையெழுத்தோடு எது கிடந்தாலும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். முப்பது வருஷ வேலையில் ஒரு தாளையும் படித்ததில்லை. அடுத்தவர் தாளைப் படிப்பது மரியாதை இல்லை என்பது அவர் கட்சி.

இந்த வாரம் பட்டியலும் கைகொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். கூட்டம் நடக்கவேண்டிய அறையின் கூரை ஒழுகியது. இரண்டு ஆசிரியர்கள் விடுப்பு. ஒரு வரியை அடித்தால் இரண்டு முளைத்தன. போதாக்குறைக்குத் திங்கட்கிழமை ஒரு காரியம் நடந்துவிட்டது. வருகைப் பதிவேடு தாமதமாக வந்ததென்று ஒன்றாம் வகுப்பு டீச்சரைப் பிள்ளைகள் முன்னாலேயே பிடிபிடியென்று பிடித்துவிட்டார். அந்தப் பெண் திரும்பி நின்று, ஏற்கெனவே துடைத்திருந்த கரும்பலகையை மறுபடியும் துடைத்தாள்.

அந்த முதுகு கண்ணைவிட்டுப் போகவில்லை. 'நான் இப்படிப்பட்டவ இல்லையே' என்று மூன்று நாளாக மனசு அடித்துக்கொண்டது. பதவியிலிருந்து விடுவித்துப் பழையபடி அறிவியல் வகுப்புக்கே அனுப்பிவிடுங்கள் என்று ஒரு கடிதம் எழுதி இழுப்பறையில் வைத்தார். பள்ளியை நடத்தும் தாளாளர் வியாழக்கிழமை நான்கு மணிக்கு வருவார். ஒரு கடிதம் தர வேண்டும் என்று அவரிடம் சொல்லியாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் அந்த நாற்காலி அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. வேறு வழிதான் தெரியவில்லை.

வியாழன் காலை மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து, வந்ததையெல்லாம் எழுதினார். கூரை. நாற்காலி இருநூறு. மூன்று அறிக்கை. கணக்கு வாத்தியார் தினமும் லேட், திட்டணும், சிரிக்காம. ஒண்ணாம் வகுப்பு டீச்சர்கிட்ட மன்னிப்பு. அழணும், அஞ்சு நிமிஷம், சாப்பாட்டுக்கு அப்புறம். கடைசி வரி: பதவி வேண்டாம்னு கடிதம், நாலு மணி. கீழே கையெழுத்து, தேதி.

அந்த நேரம் பார்த்து நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு மூக்கில் ரத்தம். தாளையும் பேனாவையும் மேஜையின் இடது ஓரத்திலேயே போட்டுவிட்டு ஓடினார். மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், அம்மாக்காரி வரும்வரை மடியில் வைத்திருந்து, திரும்பியபோது மதியம் தாண்டிவிட்டது. மேஜையின் இடது ஓரம் துடைத்துவிட்டது போல இருந்தது.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாசலில் கணக்கு வாத்தியார் கைகட்டி நின்றார்.

"டீச்சர், என்னைத் திட்டணும்னு போட்டிருந்துச்சு. கையெழுத்துப் போட்டுட்டேன். இப்பவே திட்டறீங்களா, நாளைக்குச் சீக்கிரமா வந்து வாங்கிக்கட்டுமா?"

"நாளைக்கு எட்டரைக்கு வாங்க" என்றார் பட்டியல் டீச்சர். சிரிக்காமல் சொல்லத்தான் பார்த்தார், முடியவில்லை.

அவர் போனதும் வெட்கம் பிடுங்கித் தின்றது. பத்து வகுப்பும் படித்திருக்கும். அழ வேண்டும் என்று எழுதியதைக்கூட! எக்ஸ்பிரஸைத் தேடினார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக மனிதர் எந்த வராந்தாவிலும் கண்ணில் படவில்லை.

மூன்றே முக்காலுக்கு அவரே வந்தார், மூச்சு வாங்கிக்கொண்டு. தாளை நீட்டினார். வரிக்கு வரி கையெழுத்து. கூரைக்கு ஓவிய ஆசிரியர், 'என் மச்சான் கொத்தனார், சாயங்காலம் வர்றார்' என்ற குறிப்போடு. நாற்காலிக்கு விளையாட்டு ஆசிரியர். அறிக்கை மூன்றுக்கும் மூன்று பேர். அழுகைக்கு எதிரே தமிழம்மா: 'துணைக்கு நானும் வருகிறேன்.' மன்னிப்பு வரிக்கு எதிரே ஒன்றாம் வகுப்பு டீச்சர், பிள்ளைகளுக்கு எழுதிக்காட்டும் உருண்டை எழுத்தில், 'கிடைத்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

இது சுற்றுத்தாள் இல்லை என்பது படித்தவர்களுக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்திருக்கும். தெரிந்தேதான் போட்டிருந்தார்கள். இரண்டு வருஷமாகத் தான் எழுதிய பட்டியல் எதிலும் இப்படி ஒரு கையெழுத்துக்கு இடம் விட்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"ஒரு வரிக்கு மட்டும் ஆள் கிடைக்கலம்மா" என்றார் எக்ஸ்பிரஸ், பெரிய குற்றம் செய்தவர் போல. "ரெண்டு சுத்து போயிட்டு வந்தேன். அந்தக் கடைசி வரி வந்தா எல்லாரும் பேனாவ மூடிடறாங்க."

"அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமாண்ணே?"

"நான் படிக்கிறதில்லையேம்மா. ஆள் வராத வேலைய அடிச்சிடணும்னு நீங்கதான சொன்னீங்க? அடிச்சுக் குடுங்க, ஃபைல்ல வைக்கணும்."

பட்டியல் டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. ஐந்து நிமிஷம் என்று ஒதுக்கியிருந்தார். இரண்டு நிமிஷத்திலேயே தீர்ந்துவிட்டது. எக்ஸ்பிரஸ் மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். கடைசி வரியை ஒரே கோடாக அடித்தார். இழுப்பறையிலிருந்த கடிதத்தைத் திருப்பி நாளைய பட்டியலுக்கு வைத்தார். பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது.

நான்கு மணிக்குத் தாளாளர் வந்து உட்கார்ந்தார்.

"ஏதோ கடிதம் தரணும்னு சொன்னீங்களே டீச்சர்?"

"ஆமா சார். அந்த வேலைக்கு இங்க ஆள் கிடைக்கல" என்றார் அவர். "எந்திரிங்க, கூரையைக் காட்டறேன்."