பேச்சிராஜின் ராசியான பெருவிரல்

மேலகரம் பேச்சிராஜ் வயரிங் வேலைக்காரன். ஆனால் ஊரில் அவனுக்குக் கிடைத்த பெயர் வேலையால் வந்ததல்ல, கைராசியால் வந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு புது வீட்டுக்கு வயர் இழுத்தான். பால் காய்ச்சிய அன்று முதல் லைட்டையும் அவனே போட்டுவிட்டு வந்தான். ஒன்பது வருஷமாகப் பிள்ளையில்லாமல் இருந்த அந்த வீட்டம்மாவுக்கு அடுத்த ஆடிக்குள் இரட்டைப் பிள்ளை. லைட்டுக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க ஊரில் ஒரு ஆள் இல்லை.

அதற்குப் பிறகு வேறு ஆள் வயரிங் செய்த வீட்டுக்குக்கூட முதல் சுவிட்சைத் தட்ட அவனைத்தான் கூப்பிட்டார்கள். குளித்து, விபூதி பூசி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவான். தட்டிவிட்டு ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு வருவான். ஆரம்பத்தில் கூச்சப்பட்டவன்தான். பத்துப் பேர் சேர்ந்து பாராட்டினால் எவனுக்குத்தான் தலை நிற்கும்? நாளாவட்டத்தில் அவனே நம்பத் தொடங்கிவிட்டான்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் இந்த விரல் பூட்டுகள் வந்தன. வெளிநாட்டிலும் பெங்களூரிலும் இருக்கிற பிள்ளைகள் அப்பா அம்மா வீட்டுக்கு லைட்டு, கேமரா, பூட்டு எல்லாவற்றையும் போனில் இணைத்துப் பார்க்க ஆசைப்பட்டார்கள். குற்றாலத்தில் சீசனுக்கு வீடு விடுகிறவர்களும் கேட்டார்கள். பேச்சிராஜ் போனில் வீடியோ பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டான். பூட்டை மாட்டி, வீட்டு இணையத்தோடு சேர்த்து, யார் யார் விரல் என்று பதிய வேண்டியதுதான். அங்கேயும் கைராசி வந்து நின்றது.

"அண்ணாச்சி, மொத விரல் நீங்க வச்சிருங்க. பொறவு நாங்க வைக்கோம்."

அவனும் கிழக்கே பார்த்து நின்று வலது பெருவிரலை வைப்பான். பூட்டு முதலில் ஏற்காது. கீ கீ என்று கத்தும். நாலைந்து முறை அழுத்தித் தேய்த்தால் ஒருவழியாகப் பச்சை விளக்கு எரியும். போனில் ஒன்றாம் நம்பருக்கு நேரே 'பேச்சிராஜ்' என்று அவனே எழுதிக் கொடுப்பான். வீட்டுக்காரர்கள் இரண்டாம் நம்பரிலிருந்து. வேலை முடிந்ததும் தன் விரலை அழித்துவிட்டு வந்தானா என்றால், இல்லை. ராசியான விரலை அழிக்கச் சொல்ல எந்த வீட்டுக்காரருக்கு மனசு வரும்? இப்படி எண்பத்திரண்டு வீடு. போணி பண்ணிவிட்டு வருகிற மாதிரிதான் அவன் அதை நினைத்திருந்தானே தவிர, எண்பத்திரண்டு வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு திரிகிறோம் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. மூளை என்று ஒன்று இருந்து என்ன பயன்?

போன ஜூலையில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்குப் புளியறையில் ஒரு வீட்டில் ஏணிமேல் நின்று கேமரா மாட்டிக்கொண்டிருந்தான். வெளியே சாரல். போன் அடித்தது. இசக்கிராஜா. இலஞ்சிக்காரர், பட்டாளத்தில் இருக்கிறார், இப்போது ராஜஸ்தான் பக்கம். அவர் வீட்டில் இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் பூட்டு மாட்டியிருந்தான். பூட்டு திறந்தால் அங்கே அவர் போனுக்குச் செய்தி போகும்.

"சொல்லுங்க சார்."

"ஏலே, எங்கன நிக்கே?"

அந்த 'ஏலே' தனக்குத்தானா என்று பேச்சிராஜுக்குச் சந்தேகம். தன்னைவிட ஆறு வயது மூத்தவன் என்று வாய்க்கு வாய் அண்ணாச்சி போட்டுப் பேசுகிற மனுஷர்.

"புளியறையில சார். வேலையா நிக்குதேன்."

"பொய் சொல்லாதலே. எங்க வீட்டுக்குள்ள நிக்க. இப்பம்தான் மெசேஜ் வந்துச்சு, பேச்சிராஜ் கதவைத் திறந்தார்னு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, பதினோரு நாளாப் பாக்கேன். ஆம்பள இல்லாத வீட்டுல ஒனக்கு என்னலே சோலி?"

போன் வைக்கப்பட்டுவிட்டது. பேச்சிராஜ் திரும்பத் திரும்ப அடித்தான். எடுக்கவில்லை. ஏணியிலிருந்து இறங்கினான். திருடன் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். இது வேறு. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நாளைக்கு மனைவி ஜெயசித்ரா முகத்தில் எப்படி விழிப்பது? தப்புத் தண்டாவே அறியாத அந்த வீட்டம்மா நிர்மலாதேவியின் கதி என்ன? எல்லாவற்றுக்கும் மேலே இன்னொன்று. விரல் இங்கே தன் கையில் இருக்கிறது. அப்படியென்றால் அங்கே கதவைத் திறந்தது யார்?

வண்டியை எடுத்தான். லாரிகளுக்கு நடுவே, செங்கோட்டை வழியாக இலஞ்சிக்கு எப்படி வந்து சேர்ந்தான் என்பது அவனுக்கே தெரியாது.

நிர்மலாதேவி வாசலிலேயே நின்றாள். கையில் போன். முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணாச்சி, இவுக என்னென்னமோ கேக்காவ. நீங்க தெனமும் வாரியளாம். எனக்கு ஒண்ணுமே வெளங்கல."

"எம் பிள்ளைக மேல சத்தியமா நான் வரலம்மா. பூட்டு மாட்டுன பொறவு இன்னைக்குத்தான் இந்த வாசல மிதிக்கேன். காலையில பதினோரு மணிக்கு யாரு வந்தா?"

"யாரு வருவா? தங்கத்தாயக்கா மட்டும்தான் வேலைக்கு வருவா."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தங்கத்தாய் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். காலையில் நாலு வீட்டு வேலை, மதியத்துக்கு மேல் பீடி சுற்று. பூட்டு மாட்டிய அன்று அவள் விரலையும் பதியப் பார்த்து, பூட்டு ஒரேயடியாக மாட்டேன் என்றதால், பெல் அடித்து வரச் சொல்லியிருந்தான் பேச்சிராஜ்.

"நாந்தானே தெனமும் தொறக்கேன்" என்றாள் சாதாரணமாக. "பத்துப் பதினோரு நாளைக்கு முன்ன ஒரு நாள் அம்மா கொல்லையில துணி தொவைச்சிட்டு இருந்தாவ. பெல்லு கேக்கல. சும்மா வச்சுப் பாத்தேன், தொறந்துட்டு. நீங்கதான் பொறவு சரி பண்ணிட்டியன்னு நெனைச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனைச்சேன்" என்றாள் நிர்மலாதேவி.

பேச்சிராஜ் அவளிடம் சொல்லி வீடியோவில் கணவரைக் கூப்பிடச் செய்தான். மூன்றாம் முறை இசக்கிராஜா எடுத்தார். உடுப்பில் இருந்தார். கண் சிவந்திருந்தது. பேச்சிராஜ் கேட்டுக்கு வெளியே தெருவுக்குப் போய், சாரலில் நனைந்தபடி, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நின்றான். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும்.

"சார், என்னையவே பாருங்க. என் ரெண்டு கையையும் பாருங்க. அக்கா, இப்பம் வைங்க."

தங்கத்தாய் பெருவிரலை வைத்தாள். டிங் என்று பச்சை விளக்கு எரிந்து கதவு திறந்தது. அதே நொடியில் ராஜஸ்தானில் ஒரு போன் டிங் என்றது. இசக்கிராஜா அதை வாசித்தார். வாசித்துவிட்டு, தெருவில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பேச்சிராஜைப் பார்த்தார். மறுபடியும் வாசித்தார்.

"பேச்சிராஜ் கதவைத் திறந்தார்னு வருது" என்றார்.

பேச்சிராஜ் வந்து தங்கத்தாயின் கையைத் திருப்பிப் பார்த்தான். முப்பது வருஷம் பீடி சுற்றித் தேய்ந்த விரல், கண்ணாடியாக வழுவழுவென்று இருந்தது. தன் பெருவிரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். சுவர் வெட்டி, சிமெண்டு பூசி, வயர் உரித்த விரல். ரேகை என்று சொல்ல ஒன்றுமில்லை. ரேஷன் கடை மெஷின்கூட மாதாமாதம் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டு, கண்ணைக் காட்டச் சொல்கிறது. விலை மலிந்த பூட்டு, அவன் தேய்த்துத் தேய்த்து அழுத்திய கொடுமை தாங்காமல், ரேகையே இல்லாத ஒரு அழுக்குத் தடத்தை ரேகை என்று வாங்கி வைத்துக்கொண்டது. அதற்கப்புறம் தேய்ந்த விரல் எது வந்தாலும் அதற்குப் பேச்சிராஜ்தான்.

படியில் உட்கார்ந்துவிட்டான். எண்பத்திரண்டு வீடு. எல்லாவற்றிலும் ஒன்றாம் நம்பர். பீடி சுற்றுகிறவர்களும் கொத்து வேலைக்காரர்களும் நிறைந்த ஊரில், ராசி ராசி என்று கொண்டாடிய கையாலேயே எண்பத்திரண்டு கதவில் ஓட்டைபோட்டு வைத்திருக்கிறான்.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்றார் இசக்கிராஜா போனிலிருந்து. "பதினோரு நாளா மனசு ஒரு நெலையில இல்ல. அதான் அப்படிப் பேசிட்டேன்."

அண்ணாச்சி திரும்பி வந்துவிட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பேச்சிராஜ் மூச்சு விட்டான். பரவாயில்ல சார் என்று சொல்ல வாயெடுத்தவன், நிர்மலாதேவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"பதினோரு நாளாவா?" என்றாள் அவள், போனைப் பார்த்து. "தெனமும் ராத்திரி என்கூட பேசினியளே. சாப்பிட்டியா, கதவப் பூட்டினியான்னு கேட்டியளே. அப்பமும் இத மனசுல வச்சுக்கிட்டுத்தான் கேட்டியளா? யாரு வாரான்னு என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே?"

"அது இல்ல நிர்மலா... போன்ல பேரோட வந்துச்சு..."

அவள் இணைப்பைத் துண்டித்தாள். போன் மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. தங்கத்தாய் தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நிர்மலாதேவி அவள் தோளைத் தொட்டு, "நீ போய் வேலையப் பாருக்கா, ஒன் மேல ஒரு குத்தமும் இல்ல" என்றாள்.

"அண்ணாச்சி, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடுங்க. என் போன்ல."

"சார்கிட்ட ஒரு வார்த்த..."

"போடுங்க."

பேச்சிராஜ் கதவின் உள்பக்கப் பெட்டியைத் திறந்து பொத்தானை அழுத்திப் பிடித்தான். நீளமாக ஒரு சத்தம் வந்து எல்லா விரலும், இசக்கிராஜா போனோடு இருந்த இணைப்பும் அழிந்தன. முதல் விரலுக்காகப் பூட்டு விளக்கை எரியவிட்டுக் காத்திருந்தது. இந்த இடத்தில் நிற்கும்போதெல்லாம் கிழக்கே திரும்பிப் பழகியவன், இன்றைக்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றான். நிர்மலாதேவி தன் விரலை வைத்தாள். ஒரே தடவையில் எடுத்துக்கொண்டது. தங்கத்தாய்க்கு விரல் வேண்டாம் என்று ஆறு இலக்க எண் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான்.

வேலை முடிந்தது. கேட்கக் கூடாது என்று தெரிந்தும், தொழில் பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது.

"சாருக்கும் ஒரு நம்பர் போட்டு வச்சிரட்டுமாம்மா?"

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள்.

"வேண்டாம் அண்ணாச்சி. லீவுல வரும்போது பெல் அடிக்கட்டும். யாருன்னு கேட்டுட்டு நானே வந்து தொறக்குதேன்."